செத்த பிறகு 13 படி ஏறிய கிராண்ட்: அமெரிக்க அதிபர்களுக்கு யார், எப்படி மார்க் போடுகிறார்கள்?

#1 கீழவாசல் குமரன்

ரொம்ப நாளாக மண்டையில் ஓடும் சந்தேகம். அமெரிக்காவில் சி-ஸ்பான் என்றொரு தொலைக்காட்சி இருக்கிறது. நாடாளுமன்ற நடவடிக்கையை அப்படியே காட்டும் சேனல். அவர்கள் 2000-லிருந்து, ஆட்சி மாறும் சமயங்களில், வரலாற்று ஆய்வாளர்களைக் கேட்டு எல்லா அதிபர்களுக்கும் ரேங்க் போடுகிறார்கள். 2000, 2009, 2017, 2021 ஆகிய நான்கு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்று இடம் லிங்கன், வாஷிங்டன், ஃபிராங்க்ளின் ரூசவெல்ட். முன்னே பின்னே மாறினாலும் வேறு யாரும் உள்ளே வரவில்லை. கடைசி இடத்தில் நான்கு முறையும் ஜேம்ஸ் புக்கானன். இதெல்லாம் சரி.

ஆனால் யுலிசிஸ் கிராண்டைப் பாருங்கள். 2000-ல் 33, அப்புறம் 23, அப்புறம் 22, 2021-ல் 20. மனிதர் செத்தது 1885-ல். பதவியை விட்டு இறங்கியது 1877-ல். அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லையே! எப்படி 13 இடம் ஏறினார்? அதே காலத்தில் உட்ரோ வில்சன் 6-லிருந்து 13-க்கும், ஆண்ட்ரூ ஜாக்சன் 13-லிருந்து 22-க்கும் இறங்கியிருக்கிறார்கள்.

இது ஆராய்ச்சியா, ஃபேஷனா?

#2 பட்டாணி சுண்டல்

ஃபேஷன்தான். பேராசிரியர்கள் எல்லாம் ஒரே கட்சி. அந்தந்தக் காலத்தில் எதைச் சொன்னால் கைதட்டு விழுமோ அதைச் சொல்வார்கள். டிரம்ப்பை எங்கே வைத்தார்கள், ஒபாமாவை எங்கே வைத்தார்கள் பாருங்கள், புரிந்துவிடும்.

#3 நெறியாளர்

ஒரு வேண்டுகோள். உயிரோடு இருக்கும் அதிபர்களை இந்த இழையில் இழுக்க வேண்டாம். போன தடவை என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செத்தவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

#4 ஓய்வுபெற்ற வாத்தியார்

குமரன் தம்பி, நல்ல கேள்வி. 34 வருஷம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரேங்க் போடும் பழக்கம் 1948-ல் தொடங்கியது. ஹார்வர்டு பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் (அப்பா, மகனும் அதே பெயரில் வரலாற்றாளர்) 55 பேரைக் கேட்டு 'லைஃப்' பத்திரிகையில் வெளியிட்டார். தலைப்புப் பிரிப்பு, மதிப்பெண் எதுவும் கிடையாது. மகத்தானவர், கிட்டத்தட்ட மகத்தானவர், சராசரி, சராசரிக்குக் கீழே, தோல்வி என்று ஐந்து கூடை. ஒவ்வொரு அதிபரையும் ஒரு கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழில் 'நன்று', 'திருப்தி' என்று எழுதுவோமே, அந்த ரகம்.

அந்த 1948 பட்டியலில் 'தோல்வி' கூடையில் விழுந்தவர்கள் இரண்டே பேர். வாரன் ஹார்டிங் ஒருவர், நம் கிராண்ட் இன்னொருவர். புக்கானன்கூட அதில் இல்லை!

இப்போது அதே பட்டியலில் ஆண்ட்ரூ ஜான்சன் எங்கே இருந்தார் என்று பாருங்கள். லிங்கன் சுடப்பட்டபின் பதவிக்கு வந்தவர். விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தந்த 1866 சட்டத்தை ரத்து அதிகாரத்தால் தடுக்கப் பார்த்தவர். காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. 1868-ல் பதவி நீக்க விசாரணையில் செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தப்பியவர். அவருக்கு 1948-ல் 19-ஆம் இடம், 'சராசரி'. இன்றைக்கு சி-ஸ்பானில் கடைசிக்கு முந்தின 43.

ஆக, கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்க ராணுவத்தை அனுப்பிய கிராண்ட் தோல்வி. அவர்களுக்கு எதிராக நின்ற ஜான்சன் சராசரி. 1948-ல் அப்படி. இன்றைக்குத் தலைகீழ். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்ப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிராண்டை மட்டும் பார்த்தால் புரியாது.

#5 நியூஜெர்சி மீனா

வாத்தியார் சார் சொன்னதற்கு மேல் ஒன்று. அந்த 55 பேர் எங்கே படித்தார்கள், யாரிடம் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங் என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதியதுதான் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைப் பற்றிய பாடம். கதை இப்படிப் போகும்: போரில் தோற்ற தெற்கு மாநிலங்களை வடக்கிலிருந்து வந்த பேராசைக்காரர்கள் சூறையாடினார்கள், ஆளத் தெரியாத கறுப்பர்கள் கையில் ஆட்சியைக் கொடுத்தார்கள், கிராண்ட் அதற்குத் துணை போனார். இரண்டு மூன்று தலைமுறை இதையே படித்தது. வாக்களித்தவர்களில் பலர் அந்தப் பாடத்தில் வளர்ந்தவர்கள்.

டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1935-லேயே இதை மறுத்து ஒரு தடித்த புத்தகம் எழுதினார். கறுப்பின அறிஞர். அமெரிக்க வரலாற்றாளர்களின் முதன்மை ஆய்விதழ் அதற்கு மதிப்புரைகூடப் போடவில்லை. ஆதாரம் அப்போதே மேசைமேல் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. அதனால் 'புது ஆராய்ச்சி வந்தது, ரேங்க் மாறியது' என்பதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். குடிமை உரிமைப் போராட்டம் நடந்து, அதில் வளர்ந்தவர்கள் பேராசிரியர்களாகி, டு பாய்ஸை எடுத்துப் படித்த பிறகுதான் மாறியது.

வில்சன் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. முனைவர் பட்டம் வாங்கிய ஒரே அதிபர் அவர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் பட்டியலிலும் பெயர் உண்டு. 1948-ல் நான்காம் இடம். நம்ம ஆள் என்ற பாசம் கொஞ்சம் ஒட்டியிருக்காதா? அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாக உட்கார வைத்தது அவருடைய ஆட்சி. அது அப்போதும் தெரிந்த விஷயம்தான். 2020-ல் அதே பிரின்ஸ்டன் தன் கல்லூரிப் பெயரிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. நான் அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவள். பழைய பழக்கத்தில் இன்னும் 'வில்சன் ஸ்கூல்' என்றுதான் வாயில் வருகிறது.

#6 பட்டாணி சுண்டல்

அதைத்தானே நானும் சொன்னேன் அக்கா! காலம் மாறினால் ரேங்க் மாறும் என்றால் அது வரலாறு இல்லை, வானிலை.

#7 ஓய்வுபெற்ற வாத்தியார்

பட்டாணி தம்பி, அவசரப்படாதீர்கள். ஐசனோவர் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

1962-ல் ஷ்லெசிங்கர் இரண்டாம் தடவை ஓட்டெடுத்தார். ஐசனோவர் பதவி விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்குக் கிடைத்தது ஆண்ட்ரூ ஜான்சனுக்கு ஒரு படி மேலே! கோல்ஃப் ஆடுவார், பேசினால் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது, வேலையெல்லாம் மந்திரிகள் பார்க்கிறார்கள் என்பதுதான் அன்றைய படித்தவர்களின் எண்ணம்.

1970-களில் கான்சாஸ் மாநிலம் அபிலீன் ஊரில் இருக்கும் அவருடைய நூலகத்தில் பெட்டிகளைத் திறந்தார்கள். அவருடைய செயலாளர் ஆன் விட்மன் ஒழுங்காகக் கோப்பு போட்டு வைத்திருந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், கூட்டக் குறிப்புகள். படித்துப் பார்த்தால் ஆள் வேறு. மந்திரி பேசியதாக நினைத்த பேச்சில் இவர் கைப்பட எழுதிய திருத்தம். மேடையில் ஒன்றும் தெரியாதவர்போல நின்றவர் கூட்டத்தில் வரிக்கு வரி கேள்வி கேட்டிருக்கிறார். ஃபிரெட் கிரீன்ஸ்டீன் என்ற அரசியல் அறிஞர் 1982-ல் இதை வைத்து எழுதிய புத்தகத்துக்குப் பிறகு 'மறைந்த கை' என்ற சொல்லே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1955 மார்ச். சீனக் கரையை ஒட்டி, தைவான் வசம் இருக்கும் இரண்டு குட்டித் தீவுகளுக்காகச் சீனாவோடு சண்டை வருமோ, அணுகுண்டு போடுவார்களோ என்று உலகம் பயந்துகொண்டிருந்தது. பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போகும்போது பத்திரிகைச் செயலாளர் ஜிம் ஹேகர்ட்டி, 'இந்தக் கேள்வி வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள், வெளியுறவுத் துறை கெஞ்சுகிறது' என்கிறார். ஐசனோவர் சொன்ன பதில்: 'கவலைப்படாதே ஜிம், அந்தக் கேள்வி வந்தால் அவர்களைக் குழப்பிவிடுகிறேன்.' சொன்னபடியே குழப்பினார். அந்தக் குழப்பத்தைக் கேட்டவர்களில் எத்தனை பேர் 1962-ல் ஓட்டுப் போட்டார்களோ!

சி-ஸ்பானில் அவர் 2000-ல் 9, இப்போது 5. இது காகிதம் செய்த வேலை. வானிலை இல்லை.

(இதே கோப்புகளில்தான் 1953 ஈரான் கவிழ்ப்பும் 1954 குவாத்தமாலா கவிழ்ப்பும் அவருக்குத் தெரிந்தே நடந்தன என்பதும் உறுதியானது. கைக்குப் புகழ் கொடுத்தவர்கள் அந்தக் கை செய்ததற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பது தனி விவாதம்.)

#8 கணக்குப்பிள்ளை

நான் தணிக்கைத் தொழில் பார்ப்பவன். வரலாறு தெரியாது, விடைத்தாள் திருத்தும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சி-ஸ்பானில் பத்து தலைப்பு. மக்களை வசப்படுத்துதல், நெருக்கடியில் தலைமை, பொருளாதாரம், தார்மீக பலம், வெளியுறவு, நிர்வாகத் திறன், காங்கிரஸோடு உறவு, தொலைநோக்கு, எல்லோருக்கும் சம நீதி, தன் காலச்சூழலில் செயல்பட்ட விதம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10. பத்துக்கும் ஒரே எடை. 2021-ல் 142 பேர் திருத்தினார்கள். ஒவ்வொரு தலைப்பின் சராசரியையும் பத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 1000-க்கு லிங்கன் 897.

சமமான எடை என்பது நடுநிலை மாதிரித் தெரியும். ஆனால் நிர்வாகத் திறனும் சம நீதியும் ஒரே எடை என்பதே ஒரு தீர்ப்புதானே? லிண்டன் ஜான்சனை எடுங்கள். 1964 குடிமை உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு. காங்கிரஸ் உறவிலும் சம நீதியிலும் உச்சம். வியட்நாமால் வெளியுறவில் கிட்டத்தட்ட அடிமட்டம். கூட்டி வகுத்தால் 2021-ல் 11-ஆம் இடம். அந்தப் பதினொன்று என்ற எண்ணில் எந்த மனிதர் இருக்கிறார்? நெருப்பில் ஒரு கால், பனிக்கட்டியில் ஒரு கால் வைத்தவனுக்குச் சராசரியாக இதமாக இருக்கிறது என்று சொல்வதுபோல.

சியெனா கல்லூரி 1982-லிருந்து நடத்தும் இன்னொரு கணிப்பில் 20 தலைப்பு. அதில் ஒன்று 'அதிர்ஷ்டம்'. நிஜமாகவே. ஜாதகக் கட்டத்துக்கும் மார்க் உண்டு போலிருக்கிறது.

#9 பட்டாணி சுண்டல்

அதிர்ஷ்டத்துக்கு மார்க்கா 😀 அப்படியென்றால் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு முட்டை. 1841-ல் பதவியேற்ற அன்று குளிரில் மேல்கோட்டு போடாமல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

#10 கணக்குப்பிள்ளை

அவருக்கும் சி-ஸ்பானில் ரேங்க் உண்டு. 2021-ல் 40. அதாவது நான்கு வருஷம் முழுசாக ஆண்ட புக்கானனுக்கும் பியர்ஸுக்கும் மேலே. ஒரே மாதம் பதவியில் இருந்தவர் அவர்களைவிட நாட்டுக்கு நல்லது செய்தார் என்பது கணக்குப்படி சரியாகத்தான் இருக்கும். ஷ்லெசிங்கர் இவரையும், ஆறு மாதத்தில் செத்த கார்ஃபீல்டையும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பரீட்சை எழுதாதவனுக்கு 'வரவில்லை' என்றுதானே போடுவோம்?

#11 மடிப்பாக்கம் ரவி

பட்டாணி சொன்ன கட்சி விஷயத்தை யாரும் தொடவில்லை. அதில் விஷயம் இருக்கிறது. ரீகனை எடுத்துக்கொள்ளுங்கள் (செத்தவர்தான், நெறியாளர் கோபப்பட வேண்டாம்). 1996-ல் ஷ்லெசிங்கரின் மகன் 32 பேரைக் கேட்டு எடுத்த கணிப்பில் ரீகனுக்கு 25. அந்த மகன் கென்னடியின் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர். நான்கே வருஷத்தில், 2000-ல், சி-ஸ்பானில் ரீகன் 11. அதே 2000-ல் வலதுசாரி, இடதுசாரி இரண்டு தரப்பிலும் பார்த்துப் பார்த்து 78 பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு கணிப்பு எடுத்தார்கள், வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்தது. அதில் 8.

ஆனால் அந்தப் 'பார்த்துப் பார்த்து எடுத்த' பட்டியலிலும் மற்ற இடங்கள் பெரிதாக மாறவில்லை. லிங்கனுக்குப் பதில் வாஷிங்டன் முதலிடம், மற்றபடி மேலே அதே ஆட்கள், கீழே அதே ஆட்கள். கட்சிச் சாய்வு வேலை செய்வது கண் முன்னால் பார்த்த அதிபர்களிடத்தில்தான். 1850-களில் ஆண்ட பியர்ஸுக்காக இன்றைக்கு எந்தக் கட்சிக்காரன் வரிந்து கட்டப் போகிறான்?

#12 ஓய்வுபெற்ற வாத்தியார்

ரவி சொன்னது சரி. கணக்குப்பிள்ளை லிண்டன் ஜான்சனைப் பற்றி எழுதியதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. விஷயத்தைவிட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

1965, 66-ல் நம் நாட்டில் வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்தான் வயிற்றைக் காத்தது. ஜான்சன் அந்தக் கப்பல்களைக் கொத்தாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக, தன் கையாலேயே ஒப்புதல் போட்டுப் போட்டு விட்டார். விவசாயக் கொள்கையை மாற்று, வியட்நாமைப் பற்றிப் பேசாதே என்று பிடி. நம்ம ஊர் சி. சுப்பிரமணியம் அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சரோடு உட்கார்ந்து பேசி முடித்தவர் அவர்தான். பசுமைப் புரட்சிக்கு அவர் ஏற்கெனவே தயாராக இருந்தார், ஜான்சனின் நெருக்குதல் அவருக்கே சாதகமாகப் போனது என்றும் சொல்வார்கள். நான் அப்போது சின்னப் பையன். ரேஷன் கோதுமையை அம்மா ரவையாக உடைத்து உப்புமா கிண்டியதும், நாங்கள் சோறு கேட்டு அழுததும்தான் எனக்குத் தெரியும்.

'வெளியுறவு' என்ற அந்த ஒரு கட்டத்தில் இதற்கு எத்தனை மார்க்? திருத்துகிற 142 பேரில் எத்தனை பேருக்கு இது மனசில் வரும்? பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டம் முழுக்க வியட்நாம்தான்.

#13 நியூஜெர்சி மீனா

ரேங்க் போடுவதையே பிடிக்காதவர் ஒருவர் உண்டு. கென்னடி. லிங்கனின் வரலாற்றை எழுதிய டேவிட் டொனால்டிடம் 1962-ல் வெள்ளை மாளிகையில் வைத்துச் சொன்னார்: அந்த நாற்காலியில் உட்காராதவனுக்கு, அந்த மேசைக்கு வந்த கடிதங்களைப் பார்க்காதவனுக்கு, மார்க் போட உரிமை இல்லை, பாவம் அந்த ஜேம்ஸ் புக்கானனுக்குக்கூட. கியூபாவில் பிக்ஸ் வளைகுடாப் படையெடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது.

எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. புக்கானன் மேசைக்கு என்ன வந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும். 1860 டிசம்பரில் அவர் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தி இருக்கிறது: மாநிலங்களுக்குப் பிரிந்து போக உரிமை இல்லை, ஆனால் பிரிந்து போனால் தடுக்க எனக்கும் அதிகாரம் இல்லை. வீட்டில் திருடன் புகுந்தது தப்பு, ஆனால் கதவைச் சாத்துவது என் வேலை இல்லை என்பது மாதிரி. இதைப் படிக்க அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமா?

#14 கீழவாசல் குமரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி சும்மா இருக்க முடியாமல் சி-ஸ்பானின் பத்து கட்டத்தைத் தாளில் போட்டு கிராண்டுக்கு நானே மார்க் போட்டேன்.

மக்களை வசப்படுத்துதல் 6, நெருக்கடி 7. பொருளாதாரம் 4 (1873 முடக்கம்). தார்மீக பலம் 5. வெளியுறவு 7, ஏனென்றால் உள்நாட்டுப் போரில் பிரிட்டனில் கட்டிய கப்பல்கள் செய்த நாசத்துக்குச் சண்டை போடாமல், நடுவர் மன்றம் போய் 1.55 கோடி டாலர் வாங்கினார்கள். நிர்வாகம் 2. இதற்கு மேல் கை போகவில்லை. சொந்தச் செயலாளரே விஸ்கி வரி ஊழல் வழக்கில் மாட்டினார், கிராண்ட் அவருக்காகச் சாட்சி சொன்னார். போர்த்துறை மந்திரி பெல்நாப் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டதும், 1876 மார்ச்சில் ஒரு காலையில் அழுதுகொண்டே ஓடிவந்து ராஜினாமாவை நீட்டினார், இவரும் அங்கேயே ஏற்றுக்கொண்டார். காங்கிரஸ் 6, தொலைநோக்கு 5. சம நீதி 9: கறுப்பின மக்களைத் தாக்கிய கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையர் கும்பலை ஒடுக்க 1871-ல் தனிச்சட்டம், தென் கரோலினாவில் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி ராணுவத்தை விட்டு நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தது. காலச்சூழல் 6. மொத்தம் 57.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. கிராண்ட் ஏறியது சம நீதி என்ற கட்டத்தால்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் 90-க்கு 48, நூற்றுக்கு 53 சொச்சம். பெரிய வித்தியாசம் இல்லையே?

#15 கணக்குப்பிள்ளை

இல்லைதான். அதோடு இன்னொன்று தம்பி, அந்தக் கட்டம் 2000-லேயே இருந்தது, அப்போது அவர் 33. கேள்வித்தாள் மாறவே இல்லை.

#16 நியூஜெர்சி மீனா

குமரன், நெருக்கடிக்கு 7 போட்டீர்களே, எந்த நெருக்கடியை நினைத்து?

#17 கீழவாசல் குமரன்

க்ளான்தான், 1871. அக்கா... ஓ.

#18 நியூஜெர்சி மீனா

ஆமாம். 1948-ல் அதே கட்டம் இருந்திருந்தால், டன்னிங் பாடம் படித்தவர் 1873 முடக்கத்தையும் விஸ்கி ஊழலையும் நினைத்து 2 போட்டிருப்பார். க்ளான் அவருக்கு நெருக்கடியாகவே தெரிந்திருக்காது. தார்மீக பலமும் அப்படித்தான். நீங்கள் 9 போட்டது ஒரு கட்டத்தில், ஆனால் அதே 1871 உங்கள் தாளில் மூன்று நான்கு கட்டத்துக்குள் புகுந்திருக்கிறது.

#19 ஓய்வுபெற்ற வாத்தியார்

மீனாம்மா சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் தம்பி, சம நீதிக்கு 9 ரொம்ப அதிகம். 1871-ல் அந்தக் க்ளான் வழக்குகளை முன்னின்று நடத்திய அட்டர்னி ஜெனரல் ஏக்கர்மனை அதே வருஷக் கடைசியில் பதவி விலகச் சொன்னது யார்? 1875-ல் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர்களைத் துப்பாக்கி முனையில் விரட்டியபோது ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டார். அனுப்பவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வரும் இந்தக் கலவரங்களால் மக்கள் சலித்துப்போனார்கள் என்ற காரணம் சொன்னார்கள். தேர்தல் போயிற்று, ஏம்ஸின் பதவியும் போயிற்று.

நான் 7 போடுவேன்.

#20 கீழவாசல் குமரன்

சரி சார், 7. மொத்தம் 55. நெருக்கடியிலும் ஒன்று குறைக்க வேண்டியிருக்குமே, மிசிசிப்பியும் நெருக்கடிதானே? தாளை மறுபடி எடுக்கிறேன். பட்டாணி, நீங்களும் ஒரு தாள் போட்டு அனுப்புங்கள், ஆண்ட்ரூ ஜான்சனுக்கு.

#21 பட்டாணி சுண்டல்

போடுகிறேன். நிர்வாகத்துக்கு 1-க்குக் கீழே போடலாமா?